புதியவனை முன்னிறுத்துவது பற்றி

2025 டிசம்பர் 16-ந் தேதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரண்டு இளைஞர்களைத் தலைக்கு 14.20 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது. ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது இருபது. மற்றவர் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது பத்தொன்பது. இருவரும் அதுவரை இந்திய அணிக்கு ஆடியவர்கள் அல்லர். இருவருக்கும் ஏலத்தில் அடிப்படை விலை 30 லட்சம்தான். அது நாற்பத்தேழு மடங்காயிற்று. இந்தியாவுக்கு ஆடாத ஒருவருக்கு அதற்கு முன் ஏலத்தில் தரப்பட்ட மிக அதிகத் தொகை, 2022-ல் ஆவேஷ் கானுக்குக் கிடைத்த 10 கோடி. ஏலத்துக்குச் சென்னை அணி கொண்டுபோன கையிருப்பு 43.40 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இருவருக்கே போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் இதுதான் பேச்சு. பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் நண்பர், "இப்பவாவது புத்தி வந்துதே" என்றார். அரிசி மில்லில் கணக்கு எழுதும் இன்னொருவர், "அடி வாங்கினவன் கண்ணை மூடிக்கிட்டு எதையாவது பிடிச்சுக்கறான், அவ்வளவுதான்" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனதன் காரணத்தை யோசித்ததில் எழுதியது இது.

கவிதையும் விமர்சனமும் வருகிற இந்தப் பக்கங்களில் கிரிக்கெட் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நான் பேச வந்தது கிரிக்கெட் அல்ல. தாழ்ந்துபோன ஒரு ஸ்தாபனம், தன் முதல் நம்பிக்கையை இன்னும் எதையும் நிரூபிக்காத ஓர் இளையவன்மேல் வைக்கலாமா, வைப்பது நியாயமா என்பதே கேள்வி. நமக்கும் இந்தக் கேள்வியோடு சம்பந்தம் உண்டு. கட்டுரை முடிவதற்குள் அதைச் சொல்கிறேன். சொல்லாமல் தப்பித்துக்கொள்ளத்தான் கிரிக்கெட்டில் ஆரம்பித்தேனோ என்றுகூட ஒரு சந்தேகம்.

முதலில் அந்த அணியின் நிலைமை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி. தெரிந்தவனை நம்புவது, அனுபவஸ்தனை விடாமல் வைத்துக்கொள்வது என்பது அதன் சித்தாந்தமாகவே இருந்தது. 2018-ல் அதை 'அப்பாக்களின் படை' என்று கேலி செய்தார்கள். அப்பாக்கள் அந்த வருஷம் கோப்பையை வாங்கிக் கேலியை அடக்கினார்கள். ஆனால் 2025-ல் பதினான்கு ஆட்டங்களில் நான்கே வெற்றி, பத்து அணிகளில் பத்தாவது இடம். கடைசி இடத்துக்கு அந்த அணி வந்தது அதுவே முதல் தடவை. தலைவர் ருதுராஜ் முழங்கை எலும்பு முறிந்து விலக, நாற்பத்து மூன்று வயது தோனி மறுபடி தலைமை ஏற்க வேண்டியிருந்தது. பிறகு நவம்பரில் சஞ்சு சாம்சனுக்காக ரவீந்திர ஜடேஜாவையே ராஜஸ்தானுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஆக டிசம்பரில் நடந்தது வெறும் ஆட்தேர்வு அல்ல. ஒரு நம்பிக்கையைக் கைவிட்டு இன்னொன்றுக்கு மாறியது.

இந்த இருவரும் பின்னால் எப்படி ஆடினார்கள் என்பதை நான் வேண்டுமென்றே இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு தெரிந்தபின் தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆடிவிட்டால் தீர்க்கதரிசனம், ஆடாவிட்டால் மூடத்தனம் என்று ஒரே செய்கைக்கு இரண்டு பெயர் வைக்கிறோம். முடிவெடுத்தவன் கையில் விளைவு இருக்கவில்லை. அவனிடம் இருந்தது அந்த நேரத்து அறிவும், அந்த நேரத்து எண்ணமும் மட்டும். ஒரு செய்கையின் தார்மிகத்தை எடைபோட வேண்டுமானால் அங்கே, அந்த நேரத்தில்தான் போட வேண்டும்.

அனுபவமே முதல் என்கிற வாதம் நமக்குப் பழக்கமானது. அதில் உள்ள ஓட்டையும் பழக்கமானதே. நிரூபித்தவனுக்கே வாய்ப்பு என்றால், வாய்ப்புக் கிடைக்காமல் எவனும் நிரூபிக்க முடியாது என்பதால், உலகத்தில் நிரூபித்தவன் என்று ஒருவனே இருக்க முடியாது. இன்றைக்கு நாம் அனுபவஸ்தன் என்று கும்பிடுகிறவனை என்றைக்கோ ஒருவர் ஆதாரமில்லாமல் நம்பியிருக்கிறார். அப்படிப்பட்ட நம்பிக்கையின் மிச்சத்தில்தான் எல்லா ஸ்தாபனங்களும் நடக்கின்றன. நம்புவதை நிறுத்தியவுடன் அது வளர்வதை நிறுத்திவிடுகிறது. தெரியச் சில காலம் ஆகும், அவ்வளவுதான். சென்னை அணிக்கு அது 2025-ல் தெரிந்தது.

இதற்கு எங்கள் பக்கத்துக் குடியானவன் வேறு விதமாகச் சாட்சி சொல்வான். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறப்பு தள்ளிப்போகும் வருஷங்களில், போர்த் தண்ணீரை நம்பி முன்கூட்டி நாற்று விட்டவன் கதி கஷ்டம். பறிக்க வேண்டிய நாளில் வயலில் தண்ணீர் இருக்காது. நாற்று நாற்றங்காலிலேயே நின்று முற்றிப்போகும். முற்றிய நாற்றை நட்டால் பிழைக்கும். ஆனால் சரியாகத் தூர் கட்டாது. ஆகவே காத்திருப்பது எப்போதும் பத்திரம் என்று நினைப்பது தவறு. இளையவனைப் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று வெளியே உட்கார வைத்தே முற்ற வைத்துவிட முடியும். நம் சபாக்களிலும் கல்லூரிகளிலும் ஆபீசுகளிலும் அப்படி முற்றிப்போனவர்களை எண்ண ஆரம்பித்தால் விடியாது.

ஆனால் அதே குடியானவன் இன்னொன்றும் சொல்வான். விளையாத வயலில் யாரும் நாற்றங்கால் போடுவதில்லை. இருப்பதிலேயே நல்ல மண்ணாக, தண்ணீர் பாயவும் வடியவும் தோதான இடமாகப் பார்த்து, எரு அடித்துத்தான் நாற்றங்கால். இங்கேதான் கேள்வி சிக்கலாகிறது. இளையவன் அதிகமாகத் தேவைப்படுகிற இடம் நொடித்துப்போன இடம். இளையவன் வளர்வதற்கு மிக மோசமான இடமும் அதேதான்.

இதை ஒரு சட்டமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கால்பந்து, நம் கால்பந்து அல்ல, கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதில் கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களை வருஷா வருஷம் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. 1936 முதல் இந்த ஏற்பாடு. பலமான அணிகளே நல்லவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது நோக்கம். அணிகளுக்கு இடையே பார்த்தால் இது நல்ல நியாயம். ஆனால் இந்த நியாயத்தின் விலையைக் கொடுப்பவன் யார்? நாட்டிலேயே சிறந்தவன் என்று பெயரெடுத்த இளைஞன், சிறந்தவன் என்பதாலேயே, இருப்பதில் மட்டமான அணிக்குப் போகிறான். அணிகளுக்குள் சமத்துவம் உண்டாக்க அவன் சமன் செய்யும் கல்லாகத் தராசில் வைக்கப்படுகிறான். அந்த முதல் வருஷம் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்துக்கு வரவே இல்லை. வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அந்தச் சம்பவம் எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

அந்த ஆட்டத்தில் குவாட்டர்பேக் என்று ஒருவன். பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று வினாடிகளுக்குள் தீர்மானிக்க வேண்டியவன். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். அரண் உடைந்தால் எதிரிகள் அவன்மேல் விழுந்து சாய்ப்பார்கள். 2002-ல் ஹூஸ்டனில் புதிதாக ஓர் அணி தொடங்கினார்கள். தேர்வில் முதல் உரிமை அதற்குக் கிடைத்தது. டேவிட் கார் என்ற இளைஞனை எடுத்து உடனே களத்தில் இறக்கினார்கள். முன்னால் நின்ற அரண் சரியில்லை. அந்த ஒரு பருவத்தில் அவன் எழுபத்தாறு தடவை சாய்க்கப்பட்டான். ஒரு பருவத்தில் அவ்வளவு தடவை வேறு யாரும் சாய்க்கப்பட்டதில்லை.

எதிர் உதாரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். பெய்டன் மானிங் 1998-ல் இண்டியானபோலிஸ் அணிக்கு முதல் தேர்வாக வந்தார். முந்தைய வருஷம் மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி கண்ட அணி. அவர் வந்த முதல் வருஷமும் அதே மூன்று, அதே பதின்மூன்று. அவர் எறிந்த பந்துகளில் இருபத்தெட்டை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். முதல் வருஷ ஆட்டக்காரர் எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அடுத்த வருஷம் கணக்கு அப்படியே தலைகீழாயிற்று. பதின்மூன்று வெற்றி, மூன்று தோல்வி. ஆகவே நெருப்பில் இறக்குவதே நாசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு விவரம் கவனிக்க வேண்டும். அந்த முதல் வருஷத்தில் மானிங் சாய்க்கப்பட்டது இருபத்திரண்டு தடவை. அவருடைய தவறுகள் அவருடையவை, அவர் முடிவெடுத்துச் செய்தவை. செய்து செய்து கற்றுக்கொள்ளக் கூடியவை. காரின் எழுபத்தாறில் பெரும்பகுதி அவன் கற்றுக்கொள்ளக் கூடியதாக இருந்திருக்க முடியாது. மற்றவர்களுடைய தவறுக்குத் தான் விழுவதிலிருந்து மனிதன் என்ன கற்றுக்கொள்வான்? விழப்போகிறோம் என்று எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வேறுபாடு தட்டுப்படுகிறது. இளையவனுக்குத் தவறு செய்ய இடம் கொடுப்பது ஒன்று. நம் தவறைச் சுமக்க அவனை நிறுத்துவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காரியமாகத் தெரியும். இரண்டுக்கும் 'இளைஞர்களுக்கு வாய்ப்பு' என்றுதான் பெயர்.

"இழக்க ஒன்றுமில்லை, பையனை இறக்கிப் பார்ப்போம்" என்று சொல்கிறோம். வாத்தியார் நண்பரும் அன்றைக்கு அதைத்தான் சொன்னார். யாருக்கு இழக்க ஒன்றுமில்லை? கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு இல்லை, உண்மை. இருபது வயதுக்காரனுக்கு எல்லாம் இருக்கிறது. அவனிடம் இருப்பதே இனிமேல்தான். ஒருவருடைய இழப்பின்மையையும் இன்னொருவருடைய முழு முதலையும் ஒரே வாக்கியத்தில் போட்டு 'நமக்கு' என்று சொல்லிவிடுகிறோம்.

நான் ஜீவனம் நடத்துவது ஒரு வங்கிக் கிளையில், கடன் பத்திரங்களுக்கு நடுவே. அங்கே ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். பழைய கடன் நிலுவையில் நிற்கிற தகப்பனார், புதுக் கடனுக்கு வருவார். அவர் கையெழுத்து மட்டும் போதாத நிலைமை. கூடவே படித்து முடித்த, வேலைக்குப் போகப்போகிற அல்லது அப்போதுதான் போன பையனை அழைத்து வந்திருப்பார். "இவன் போடுவான் ஸார் கையெழுத்து" என்பார். பையன் பத்திரத்தைப் படிக்க மாட்டான். காட்டிய இடங்களிலெல்லாம் போடுவான். சட்டப்படி குறையில்லை. மேஜர், புத்தி தெளிந்தவன், தன் சம்மதத்தில் போடுகிறான். நான் முத்திரை வைத்து உள்ளே அனுப்புவேன். அந்தப் பையன்கள் தங்கள் முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே ஒரு கடனுக்கு உடைமையாகிறார்கள். அந்தக் கடன் எந்த வயலில், எந்தக் கல்யாணத்தில், எந்த வருஷத்து வெள்ளத்தில் பிறந்தது என்பது அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. தகப்பனார் கெட்டவர் அல்லர். பையனிடம் நிஜமாகவே நம்பிக்கை வைத்திருப்பவர். அதுதான் சங்கடம். நம்பிக்கைக்கும் ஜாமீனுக்கும் அந்த மேஜைமேல் வித்தியாசம் தெரிவதில்லை.

நொடித்த அணி புதியவனை முன்னிறுத்தும்போது அவனிடம் வாங்கிக்கொள்வது ஜாமீன்தாரரின் கையெழுத்தோ என்று சந்தேகப்படுகிறேன்.

சம்மதம் பற்றிய ஆட்சேபம் இங்கே வரும். ஏலத்துக்குப் பெயர் கொடுத்தது அவன்தானே? பதினான்கு கோடி வாங்குகிறவனுக்காகப் பரிதாபப்படுவது யாருக்கு வேண்டும்? நியாயமான கேள்வி. நான் பரிதாபப்படவில்லை. பணம் அவனுக்கு உரியதே. அதில் எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம் பொறாமைகூட இருக்கலாம். ஆனால் அவன் சம்மதித்தது எதற்கு என்று பார்க்க வேண்டும். ஆடுவதற்குச் சம்மதித்தான். 30 லட்சத்துக்குச் சம்மதித்தான். அதை 14.20 கோடி ஆக்கியவன் அவனல்லன். ஏலத்தில் விலை ஏறுவது பொருளின் குணத்தால் மட்டும் அல்ல, பக்கத்து மேஜைக்காரனும் கை தூக்குவதால். இரண்டு அணிகளின் போட்டியும், ஒரு அணியின் பதற்றமும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு எண்ணை அவன் இனி ஒவ்வொரு பந்திலும் நிரூபிக்க வேண்டும். பூஜ்யத்துக்கு அவுட் ஆகிற உரிமை எல்லா மட்டையாளனுக்கும் உண்டு. 'பதினான்கு கோடிப் பையன்' என்று பெயர் வாங்கினவனுக்கு மட்டும் அது மோசடிபோல ஆகிவிடுகிறது. விலையைச் சொன்னவன் மறந்துவிடுவான். சொல்லப்பட்டவன் மறக்க முடியாது.

இன்னொன்று: புதியவன் நன்றாக ஆடினாலும் அணி எழும் என்பது நிச்சயமில்லை. 2025-ஐயே எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தான் அணிக்கு வைபவ் சூரியவன்ஷி என்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஏப்ரல் 28-ல் குஜராத்துக்கு எதிராக முப்பத்தைந்து பந்துகளில் சதம் அடித்தான். சென்னைக்கு, ருதுராஜின் இடத்தில் வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, மே 3-ல் பெங்களூரில் நாற்பத்தெட்டுப் பந்துகளில் 94 எடுத்தான். அணி இரண்டு ரன்னில் தோற்றது. பருவம் முடிந்தபோது பத்து அணிகளில் ஒன்பதாவது ராஜஸ்தான், பத்தாவது சென்னை. இரண்டுக்கும் பதினான்கில் நான்கே வெற்றி. அந்தப் பையன்கள் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார்கள். அணிகளின் வியாதி வேறு இடத்தில் இருந்தது.

வாங்கிக்கொள்கிறவன் மனநிலை கொடுப்பவனையும் மாற்றிவிடுகிறது. நம் ஊர்க்காரர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் 1983-ல் ஆண்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது பதினேழு. அடுத்த வருஷம் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராகப் பன்னிரண்டு விக்கெட் எடுத்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியது கடைசி டெஸ்ட். அப்போது வயது இருபது. மொத்தம் ஒன்பது டெஸ்ட், இருபத்தாறு விக்கெட். ஏன் அப்படி ஆயிற்று என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. என் கவனம் நம் பேச்சின்மேல். இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் உச்சுக்கொட்டி, "எவ்வளவு வந்திருக்க வேண்டியவன்" என்பார்கள். பம்பாயில் கொடுத்த பன்னிரண்டு விக்கெட் கொடையாக நினைவில் இல்லை. வராமல்போன முன்னூறு விக்கெட்டின் முதல் தவணையாக நினைவில் இருக்கிறது. பதினெட்டு வயதில் ஒருவன் நமக்கு ஒன்றைக் கொடுத்தான், நாம் அவனைக் கடன்காரன் ஆக்கினோம். எதிர்பார்ப்பு என்கிற நல்ல வார்த்தைக்குள் இந்த வேலை நடக்கிறது.

இது இன்றைக்கு வந்த விஷயமும் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பால சபைகளின் வசூல் பையன்களின் சாரீரத்தை நம்பியிருந்தது. எங்கள் மாயவரத்தில் 1910-ல் பிறந்த தியாகராஜ பாகவதரும் பையனாக, திருச்சியில் லோகிதாசன் வேஷம் கட்டித்தான் ஆரம்பித்தார். அவர் தப்பினார், உச்சிக்குப் போனார். ஆனால் மகரக்கட்டு என்ற ஒன்று எல்லாப் பையனுக்கும் வரும். தொண்டை உடைகிற அந்த இரண்டு மூன்று வருஷங்களைப் பொறுத்திருக்கிற கம்பெனிக்கு ஒரு பாடகன் மிஞ்சுவான். பொறுக்க முடியாத கம்பெனிக்கு ராஜபார்ட் போனான், அவ்வளவுதான். அடுத்த பையனைத் தேட வேண்டும். நொடித்த கம்பெனியால் பொறுக்க முடியாது என்பதில்தான் அதன் நொடிப்பே இருக்கிறது.

இனி நம் விஷயம்.

ஏழு வருஷங்களுக்கு முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். வருஷத்துக்கு இரண்டு இதழ் என்று பெயர், ஒன்று வந்தால் பெரிது. சந்தா குறைந்துகொண்டே போனது. அதைவிட மோசம், வருகிற கவிதைகள் எங்களுக்கே அலுத்துவிட்டன. எங்கள் கவிதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். நாற்பது கவிதைக்குக் கொஞ்சம் கூட. நான்கைந்து நிஜமாகவே நன்றாக இருந்தன. பத்துப் பன்னிரண்டு முயற்சிகள். மற்றவை அந்த வயதில் எல்லாரும் எழுதுகிறவை. நாங்கள் பதினொன்றை எடுத்து இதழின் முதல் பக்கத்திலிருந்து போட்டோம். நான் முன்னுரை எழுதினேன்.

அந்த இதழைப் போன வாரம் தேடி எடுத்துப் படித்தேன். முன்னுரை நான்கு பக்கம். அந்தக் கவிதைகளைப் பற்றி அதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. பாக்கி மூன்று பக்கமும் தமிழ்க் கவிதையின் தேக்கம், அதன் காரணங்கள், யார் யார் எங்கே தவறினார்கள், இந்தப் பையனோடு அது எப்படி முடிவுக்கு வருகிறது என்று. படிக்கக் கூசியது. பொய் எழுதினேன் என்பதனால் அல்ல, எழுதியதை அப்போது நம்பினேன். பையனைக் காரணமாக வைத்து என் அலுப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பதனால்.

இதழ் வந்தபின் அவன் புதுக் கவிதை எழுதிக்கொண்டு வருவான். கொடுத்துவிட்டு நிற்பான். ஒரு தடவை கேட்டான்: "ஸார், இது அந்த முன்னுரைக்குச் சரியா இருக்கா?" நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். ஒரு வருஷத்துக்குள் வருவது நின்றது. எழுதுவதும் நின்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் முன்னுரைதான் காரணம் என்று சொன்னால் அதுவும் ஒரு வகை அகம்பாவம். இருபத்தோரு வயதில் கவிதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவது குற்றமும் அல்ல. ஆனால் அவன் நிறுத்துவதற்கு முன் தன் வரிகளைத் தன் காதால் கேட்பதை விட்டுவிட்டு என் முன்னுரையின் காதால் கேட்க ஆரம்பித்தான். அதற்கு நான் பொறுப்பு.

ஆகவே, நொடித்த அணி புதியவனை முதலில் எடுக்கலாமா என்று மறுபடி கேட்டால் எடுக்கலாம் என்பேன். எடுக்காமல் இருப்பது முற்றிய நாற்றின் கதை. ஆனால் எடுக்கிறவன் முதலில் தன் கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும். தோல்விக்குப் பொறுப்பானவர்கள் அதைத் தங்களுடையது என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ளாதவரை, புதியவன் எங்கே நின்றாலும் அவன்மேல்தான் அது விழும். அடுத்தது, அரண். அடி வாங்கிப் பழகிய பெரியவர்கள் முன்னால் நிற்க வேண்டும், பையன் பின்னால் நின்று பந்தை எறியட்டும். இந்தப் பெரியவர்களை விற்றுத்தான் பையனை வாங்குகிறோம் என்றால் அது வேறு கணக்கு. கடைசியாக, அவகாசம். இத்தனை ஆட்டம் தோற்றாலும் இவன் ஆடுவான் என்பதை முன்கூட்டி, அவன் தோற்பதற்கு முன்பே சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது நம்பிக்கை. முடியாவிட்டால் லாட்டரிச் சீட்டு. சீட்டு விழவில்லை என்றால் கிழித்துப் போடுவோம்.

மில் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவும் செய்ய முடியற அணி ஏன் கடைசிக்கு வருது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இந்த நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யக் கூடியவனுக்குப் புதியவன் அவ்வளவு அவசரத் தேவை இல்லை என்பதும், அவசரத் தேவை உள்ளவனால் இவற்றைப் பூர்த்தி செய்ய முடிவதில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் நல்ல முறையில் நம்புவது, நம்பத் தேவையில்லாதபோதே சுலபம் என்றாகிறது. அதற்காக அதைக் கஷ்டமான நேரத்தில் செய்யாமல் விடுவதற்கு அனுமதி இருப்பதாக எனக்குப் படவில்லை.

இப்போது என் மேஜைமேல் சீர்காழியிலிருந்து ஒரு பெண் அனுப்பிய ஆறு கவிதைகள் இருக்கின்றன. முதல் தடவையாக அனுப்புகிறாள். இரண்டு நன்றாக இருக்கின்றன. அந்த இரண்டையும் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். நடுப்பக்கங்களில் எங்காவது, மற்றவர்கள் கவிதைகளோடு, வெறும் பெயரை மட்டும் போட்டு வெளியிடும்படி எழுதியிருக்கிறேன். பாக்கி நான்கில் எங்கே இடறுகிறது என்று அவளுக்குத் தனியாக ஒரு கடிதம். முன்னுரை எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கை பரபரத்தது, உண்மை.